வியர்வை காய்ந்து எத்தனை மாதம்?

(காந்தலூரில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில், பிள்ளைகளின் மதரஸா பாடத்திட்டம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பூண்டுக் காட்டிலிருந்து கை கழுவிய ஈரம் காயாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே!

இன்றைய கூட்டத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நம்மிடம் சிலர் கேட்டார்கள்: "சங்கம் என்றால் கூலி பற்றிப் பேசும், ரேஷன் கார்டு பற்றிப் பேசும், தமிழ்ப் பள்ளிக்கூடம் பற்றிப் பேசும். மதரஸா பாடத்தில் சங்கத்துக்கு என்ன வேலை? அது ஜமாஅத்தின் காரியமல்லவா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது. நமக்குத் தெரிந்தது ரயில்வே பார்சல் ஆபீஸ் கணக்கு. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. மார்க்கச் சட்டம் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியும் இல்லை, உரிமையும் இல்லை. அதை ஆலிம்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வகுப்பில் உட்காருகிற பிள்ளை யாருடைய பிள்ளை? கேரட் அறுக்கிற, பூண்டு தரம் பிரிக்கிற, மறையூரில் கரும்பு வெட்டுகிற நம் கூலிக்காரர்களின் பிள்ளை. பொய் சொல்லாதே, எடையில் ஏமாற்றாதே, ஒப்புக்கொண்டதைச் செய் என்று அந்தப் பிள்ளைக்கு எந்த மொழியில், எந்த முறையில் கற்பிக்கிறார்கள் என்பது நம் காரியம். அதைக் கற்பிக்கிற ஆசிரியர் வயிறு நிறையச் சாப்பிடுகிறாரா என்பதும் நம் காரியம்.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம். இதில் குற்றவாளிகள் நாங்களே. ஆகையால் யாரும் மனம் நோக வேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நம் முஸ்லிம் குடும்பங்கள் சில கேட்டுக்கொண்டதன் பேரில், ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் காலை வகுப்பு ஆரம்பித்தோம். மலைக்குக் கீழே இருந்து ஒரு ஹஜ்ரத் வந்து ஓதிக் கொடுத்தார். ஒரு நாள் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூலியைப் பற்றிய பாடம். உழைப்பவனின் வியர்வை காய்வதற்குள் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகத்தின் போதனை. ஹஜ்ரத் அதை அழகாக விளக்கிச் சொல்லிவிட்டு, "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார். ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"ஹஜ்ரத், உங்க வேர்வை காஞ்சு எத்தனை மாசமாச்சு?"

அந்தப் பிள்ளையின் அத்தாதான் வகுப்புக்குச் சந்தா வசூலிப்பவர். வீட்டில் கணக்குப் பேசியது பிள்ளையின் காதில் விழுந்திருக்கிறது. அப்போது நாங்கள் ஹஜ்ரத்துக்கு நாலு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தோம். அதே நாலு மாதத்துக்குள் சீரியல் லைட் போட்டு, மைக் செட் வைத்து, பிரியாணிச் செம்பு ஏற்றி ஆண்டு விழாவும் நடத்தியிருந்தோம்.

ஹஜ்ரத் பதில் சொல்லவில்லையாம். புத்தகத்தை மூடிவிட்டு, "நாளைக்குப் பார்ப்போம்மா" என்றாராம். பாக்கியை அப்புறம் இரண்டு தவணையில் கொடுத்துத் தீர்த்தோம். ஆனால் அன்றைய பாடத்தை நடத்தியது யார்? ஆசிரியரா, மாணவியா? நல்லொழுக்கப் பாடத்திட்டம் என்று எப்போது பேச ஆரம்பித்தாலும் எங்களுக்கு அந்தச் சிறுமியின் கேள்விதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தோழர்களே! மதரஸா என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் மனதில் பலவிதமான படங்கள் எழுகின்றன. வட இந்தியாவில் பல இடங்களில் மதரஸா என்றால் முழுநேரப் பள்ளிக்கூடம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அப்படிப்பட்ட உத்தரப் பிரதேச மதரஸாக்களுக்கான 2004ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பற்றித்தான். உயர்பட்டம் வழங்கும் பகுதியை நீக்கிவிட்டு, மற்றபடி சட்டம் செல்லும் என்றது. கேரளத்தில் வழக்கம் வேறு. இங்கே பிள்ளை காலையில் மதரஸாவில் ஓதிவிட்டு, அங்கிருந்து சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. இரண்டும் உண்டு. ஒன்றுக்காக இன்னொன்றை விடுவதில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்காலத்தில் மலபாரில் ஓத்துப்பள்ளிகள் இருந்தன. பிள்ளைகள் பலகையில் எழுதி, சத்தமாக ஓதி மனப்பாடம் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலிலகத்து குஞ்ஞஹம்மது ஹாஜி என்ற பெரியவர் வாழக்காட்டில் வகுப்பு பிரித்தார், பெஞ்சு போட்டார், கரும்பலகை வைத்தார், வயதுக்கேற்ற பாடப் புத்தகம் வேண்டும் என்றார். கரும்பலகையை எதிர்த்தவர்களும் அன்று உண்டு. பின்னர் சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் முழுக்க நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அதன் 28ஆம் பிரிவு சொல்லிற்று. அப்படியானால் பிள்ளைகளின் மார்க்கக் கல்வி என்னாவது? ஊர் ஊராகத் தனி மதரஸா கட்டினார்கள். 1951ல் சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்யாப்யாச போர்டு உருவாயிற்று. இன்று அதன் கீழ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்கள். ஐந்தாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சைகூட உண்டு. தெற்கே தட்சிண கேரள ஜம்இய்யத்துல் உலமாவின் மதரஸாக்களும் இருக்கின்றன. அரசாங்கத்தை எதிர்பாராமல், ஏழை ஜனங்கள் பிடியரிசி சேர்ப்பதுபோலச் சேர்த்துக் கட்டிய கல்வி இது. இதைப் பார்த்துத் தொழிலாளி வர்க்கம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அந்தப் பாடத்திட்டத்தில் குர்ஆன் ஓதுதல், அகீதா என்கிற நம்பிக்கை, ஃபிக்ஹ் என்கிற சட்டம், தாரீக் என்கிற வரலாறு ஆகியவற்றோடு அக்லாக் என்று ஒரு பாடமும் உண்டு. அக்லாக் என்றால் நற்குணம். நல்லொழுக்கப் பாடம் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சரக்கு அல்ல. அது ஏற்கெனவே இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் அது போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வகுப்பில் முதலில் வாங்கிய புத்தகங்கள் அரபு மலையாளத்தில் இருந்தன. அதாவது மலையாள மொழி, அரபு எழுத்து. அதில் "சத்யம் பறயணம்" என்று ஒரு வரி. உண்மை பேச வேண்டும் என்று அர்த்தம். ஆனால் நம் வீடுகளில் "சத்தியம் பண்ணு" என்றால் என்ன அர்த்தம்? ஆணையிட்டுச் சொல் என்று அர்த்தம். ஒரு பையன் அந்தப் பாடம் படித்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் "சத்தியமா! சத்தியமா!" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். சோறு தின்றாயா என்றால் சத்தியமா. பேனாவை எடுத்தாயா என்றால் சத்தியமா. ஹஜ்ரத் தலையில் கை வைத்துக்கொண்டார். தொட்டதற்கெல்லாம் ஆணையிடுவது மார்க்கத்தில் வெறுக்கப்பட்ட பழக்கம். உண்மையைக் கற்பிக்கப் போன பாடம், பிள்ளையை ஆணையிடுகிறவனாக ஆக்கிவிட்டது. தவறு புத்தகத்தில் இல்லை, பையனிடமும் இல்லை. ஒரு மொழிப் பிள்ளைக்காக எழுதிய புத்தகத்தை வேறு மொழிப் பிள்ளையின் கையில் நாங்கள் கொடுத்தோம். தவறு அதுதான்.

தமிழில் பாடம் கேட்டால், "இவர்கள் பிரிவினை பேசுகிறார்கள்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பணிவோடு ஒன்று சொல்ல விரும்புகிறோம். அரபு மலையாளம் என்ற எழுத்து முறையே எதற்காகப் பிறந்தது? மலையாளம் பேசுகிற பிள்ளைக்கு மார்க்கம் மலையாளத்தில் புரிய வேண்டும் என்பதற்காக. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் அரபுத் தமிழ் என்ற எழுத்து முறையை எதற்காக வளர்த்தார்கள்? தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் புரிய வேண்டும் என்பதற்காக. நாம் இருக்கும் இந்தத் தேவிகுளம் தாலுகா அடங்கிய பழைய திருவிதாங்கூரில், வக்கம் மௌலவி அவர்கள், முஸ்லிம்கள் மலையாளமும் நவீனக் கல்வியும் கற்க வேண்டும் என்று பாடுபட்டார். தாய்மொழி மார்க்கத்துக்குப் பகை என்று அவர் நினைக்கவில்லை. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் குர்ஆன் முழுவதையும் தமிழில் தந்தாரே, அதுவும் இதே நோக்கத்தோடுதான். அவர்கள் நடந்த பாதையில்தான் நாமும் நடக்கக் கேட்கிறோம்.

1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லை பிரித்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டுக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதே 1956ல் அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. அது மதரஸாவைக் கட்டுப்படுத்தாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் கணக்குப் பாடத்துக்குத் தாய்மொழி அவசியம் என்றால், மனசாட்சிப் பாடத்துக்கு அவசியமில்லையா? மலையாளத்தையும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். இந்த மண்ணில் பிழைக்கிறோம், இந்த மண்ணின் மொழி நமக்கு வேண்டும். நல்லது கெட்டது மட்டும் முதலில் தாய் பேசுகிற மொழியில் மனதில் இறங்கட்டும்.

இனி, பாடம் எப்படி இருக்க வேண்டும் என்ற விஷயத்துக்கு வருவோம். ஹஜ்ரத்தும் தாய்மார்களும் நாங்களும் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பேசியதன் சாரம் இது.

பிள்ளை கண்ணால் பார்ப்பதிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். முதல் வகுப்பில் ஸலாம், சுத்தம், தண்ணீர். ஒளூச் செய்யும்போதுகூடத் தண்ணீரை விரயம் செய்யக் கூடாது என்பது மார்க்கம். கோடையில் குழாயடியில் குடத்தோடு நிற்கிற நம் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? பாடம் சொன்ன அன்றைக்கே பிள்ளைகள் ஒரு சொம்புத் தண்ணீரில் ஒளூச் செய்து காட்ட வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் உண்மையும் வாக்குத் தவறாமையும். இதற்கு உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஒரு கதை இருக்கிறது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான் ஒன்று, தன் குட்டிக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்ல, நபிகள் நாயகம் அந்த மானுக்காகப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். சின்னாறு வழியாகப் பஸ்ஸில் வரும்போது மான் கூட்டத்தைப் பார்த்துக் கைகொட்டுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் மறப்பார்களா? நம் மொழியிலேயே இருக்கிற செல்வம் இது.

மூன்றாம் வகுப்பில் எடை. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிப்பதில்தான் ஆரம்பமாகிறது. ஒரு தராசை வகுப்புக்குக் கொண்டுவந்து, பூண்டை நிறுத்துக் காட்டி இந்தப் பாடத்தை நடத்தலாம். வாங்கும்போது ஒரு நிறை, விற்கும்போது ஒரு நிறை என்றால் யார் வயிற்றில் அடி விழுகிறது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். திருக்குறளில் கள்ளாமை, வாய்மை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் குறள் படிக்கிற பிள்ளை, மதரஸாவிலும் அதே நியாயத்தைக் கேட்டால் அதன் மனதில் இரண்டும் ஒன்றுக்கொன்று பலமாக நிற்கும்.

நாலாம் வகுப்பில் கூலியும் அமானிதமும். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். இந்தப் பாடத்துக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். உதாரணம் நாங்களே. எங்களுடைய சம்பள பாக்கிக் கதையையே பாடத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டோம்.

ஐந்தாம் வகுப்பில் அண்டை வீட்டார். பக்கத்து லயத்தில் இருக்கிற இந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் காட்டுக்குள் குடியிருக்கிற முதுவர்களும் நம் அண்டை வீட்டார்தான். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் வயிறு புடைக்க உண்பவன் உண்மையான நம்பிக்கையாளன் அல்லன் என்பது நபிமொழியின் கருத்து. இந்தப் பாடத்துக்கு மனப்பாடப் பரீட்சை வைத்துப் பிரயோஜனமில்லை. பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் போய் விசாரித்தார்கள் என்பதுதான் பரீட்சை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி வழி. கேரளத்தில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஷாஃபி வழி. தொழுகையில் சிறுசிறு வித்தியாசங்கள் உண்டு. பிள்ளை மதரஸாவில் ஒரு விதமாகப் பார்க்கிறது, வீட்டில் அத்தாவிடம் வேறு விதமாகப் பார்க்கிறது. "யாரு செய்யறது தப்பு?" என்று கேட்கிறது. யாருடையதும் தப்பில்லை, இரண்டும் பெரிய இமாம்கள் காட்டிய வழி என்று ஆசிரியர் பொறுமையாகச் சொல்ல வேண்டும். தன் வீட்டு வழக்கத்தை விடாமல் அடுத்தவன் வழக்கத்தை மதிப்பது எப்படி என்று ஏழு வயதில் கற்றுக்கொள்கிற பிள்ளை, நாற்பது வயதில் மொழிக்காகவோ மதத்துக்காகவோ அடுத்தவன் மேல் கல்லெறியாது.

அடுத்தது நேரம். 2025ல் உயர்நிலைப் பள்ளி நேரத்தைக் காலையில் கால் மணி முன்னே தள்ளியபோது, மதரஸா நேரம் கெடும் என்று சமஸ்தா எதிர்ப்புத் தெரிவித்தது. கால் மணி நேரத்துக்கு அங்கே குரல் எழுந்தது. நம் பிள்ளைகள் அறுவடைக் காலத்தில் மாதக் கணக்கில் வகுப்பை இழக்கிறார்கள். ஒரு குரலும் எழவில்லை. அம்மா விடிந்ததும் காட்டுக்குப் போனால், தம்பியைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. அக்காவின் பாடம் போயிற்று. அந்த மாதங்களிலாவது வகுப்பைச் சாயங்காலம் வைப்போம். தம்பியையும் தூக்கிக்கொண்டு வரட்டும், மூலையில் ஒரு பாய் போடுவோம்.

ரயில்வே அனுபவத்தில் ஒன்று சொல்கிறோம். உடுமலையில் ஒரு பார்சல் புக் செய்தால் அதற்கு ரசீது உண்டு, நம்பர் உண்டு, லேபிள் உண்டு. எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் அது எங்கிருந்து வந்தது, என்ன சரக்கு, என்ன எடை என்று தெரியும். ஆனால் காந்தலூரில் மூன்றாம் வகுப்பு ஓதிய பிள்ளை, அத்தாவின் வேலை மாறித் திருப்பூருக்குப் போனால், அங்கே திரும்பவும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பம். ஏன்? என்ன படித்தது என்பதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பூண்டு மூட்டைக்கு இருக்கிற மரியாதை பிள்ளைக்கு இல்லை! இந்தோனேசியாவில் 1975ல் மூன்று மந்திரிகள் கூடி ஒப்பந்தம் போட்டு, மதரஸாச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் சமம் என்று ஆக்கினார்கள். பொதுப் பாடங்கள் நூற்றுக்கு எழுபது பங்கு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாம் அவ்வளவு பெரிய காரியம் கேட்கவில்லை. ஓதி முடித்த பாடம், பழகிய பழக்கம், ஆசிரியர் கையெழுத்து ஆகியவை உள்ள ஒரு சிறு அட்டை போதும். அதை மாணவனே கொண்டுபோகட்டும்.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்தது. 2012ல் செய்த திருத்தத்தில் மதரஸாவும் வேத பாடசாலையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டன. சட்டம் வெளியே விட்டது என்பதற்காக நாம் பிரம்பை உள்ளே கொண்டுவரக் கூடாது. கருணையைப் பற்றிப் பாடம் நடத்துகிற கையில் பிரம்பு எதற்கு? எங்கள் வகுப்பில் பிரம்பு இல்லை, கதவு எப்போதும் திறந்திருக்கும், எந்தத் தாயும் எந்த நேரத்திலும் வந்து உட்காரலாம். இது ஹஜ்ரத்தே வகுத்த விதி என்பதைச் சந்தோஷத்தோடு சொல்கிறோம்.

"இத்தனை எதற்கு? மதமே இல்லாமல் பொதுவாக ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தால் போதாதா?" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கற்பிக்கிறவர்களுக்கு நம் வாழ்த்துகள். ஆனால் இந்தத் தாய்மார்கள் கேட்பது தங்கள் மார்க்கத்தின் வழியாக. அது அவர்கள் உரிமை. அந்த வழியில் கூலியும் நிறையும் அண்டை வீட்டுப் பசியும் இவ்வளவு தெளிவாகப் பேசப்படும்போது, தொழிலாளர் சங்கம் அதைக் கண்டு ஒதுங்க என்ன காரணம் இருக்கிறது? 2015ல் மூணாறில் தேயிலைக் காட்டுப் பெண்கள் கூலிக்கும் போனசுக்கும் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்ட நியாயத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன தூரம்?

கடைசியாக ஆசிரியர். கேரளத்தில் மதரஸா ஆசிரியர்களுக்கு நலநிதி உண்டு. 2019ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அதில் சேர ஆசிரியரின் தகுதி, பதிவு, நிர்வாகக் குழுவின் கையெழுத்து எல்லாம் பார்க்கிறார்கள். நம் ஹஜ்ரத்துக்கு அதற்கு வழி உண்டா என்று அலுவலகத்தில் போய் விசாரித்து, மனு எழுத வேண்டியது எங்கள் வேலை. மனு எழுதித்தானே இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறோம்!

ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று, அடுத்த பருவத்திலிருந்து நற்குணப் பாடம் தமிழில் நடக்க வேண்டும். பாடக் குறிப்புகளை ஹஜ்ரத் எழுதுவார், அச்சடிக்கும் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. இரண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டை. மூன்று, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஆசிரியர் சம்பளம். அது கொடுத்து முடியும் வரை சங்கப் பணத்தில் மாலை, மைக், விருந்து எதுவும் கிடையாது. சம்பளம் கொடுத்த ரசீதைக் கொட்டகைக் கதவில் பிள்ளைகள் பார்க்க ஒட்ட வேண்டும்.

மூன்றாவது தீர்மானத்தை முன்மொழியும்படி ஒருவரைக் கேட்டிருக்கிறோம். அன்று வகுப்பில் கேள்வி கேட்ட சிறுமியின் தாயார் அவர்கள். அவர்கள் பேசட்டும். நாம் உட்கார்ந்து கேட்போம்.